யூனி-அசிஸ்ட்: 75 யூரோவுக்குக் கிடைக்கும் ஜெர்மன் கிரேடு எந்த அளவுக்குப் பயன்படும்?

8.0 சிஜிபிஏ என்பது ஜெர்மன் கிரேடில் எவ்வளவு? 2.0 என்று சொல்லலாம், 2.2 என்று சொல்லலாம், 2.5 என்றும் சொல்லலாம். மூன்றும் ஒரே சூத்திரத்தில் வருபவை. மூன்றிலும் கணக்குப் பிழை கிடையாது. யூனி-அசிஸ்ட்டுக்குக் கட்டும் 75 யூரோவில் நாம் வாங்குவது, இந்த மூன்றில் எது செல்லும் என்ற தீர்ப்பைத்தான். அப்படிப் பார்த்தால் விலைக்குத் தகுந்த சேவை. ஆனால் தேவையே இல்லாத இடத்தில் இதற்குப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு, ஒரே ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டுத் தங்கள் கிரேடைத் தாங்களே சிக்கலில் மாட்டிவிடுகிறவர்களும் உண்டு.

முதலில் இது என்ன அமைப்பு என்பது. யூனி-அசிஸ்ட் 2003-இல் தொடங்கப்பட்டு பெர்லினில் இயங்கும் பதிவுபெற்ற சங்கம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களே அதன் உறுப்பினர்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பிரித்துப் பார்த்து, இந்தப் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையா, மதிப்பெண் ஜெர்மன் அளவில் எவ்வளவு, ஆவணங்கள் முழுமையா என்று சோதிக்கும் வேலையைப் பல்கலைக்கழகங்கள் இங்கே ஒப்படைத்திருக்கின்றன. இடம் தருவதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் கையில்தான். "யூனி-அசிஸ்ட் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று சொல்கிற பல நேரங்களில் நடந்திருப்பது, ஆவணம் குறைவாக இருந்ததாலோ அடிப்படைத் தகுதி பொருந்தாததாலோ விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பப்படாமல் நின்றதுதான்.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இந்த வழியில் வருவதில்லை. டி.யூ. பெர்லினும் டி.யூ. டிரெஸ்டனும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. ஆர்.டபிள்யூ.டி.எச். ஆஹன் தன் சொந்த இணையதளத்திலேயே வாங்குகிறது. அங்கே விண்ணப்பிப்பவர் யூனி-அசிஸ்ட்டுக்கு ஒரு சென்ட் கூடக் கட்ட வேண்டியதில்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் நடுவில். விண்ணப்பம் அதன் தளத்தில், ஆனால் இந்தியப் பட்டதாரிகள் கூடவே யூனி-அசிஸ்ட் தரும் வி.பி.டி. என்ற முன்சோதனை ஆவணத்தையும் வாங்கி ஏற்ற வேண்டும். மாற்றப்பட்ட ஜெர்மன் கிரேடு அச்சாகி வருவது இந்த வி.பி.டி.யில்தான். ஆகவே பணம் கட்டும் முன் அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் மூன்றில் எந்த வழி என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்காக வாங்கிய வி.பி.டி.யை இன்னொன்றுக்குக் காட்ட முடியாது.

கட்டணம் எளிமையானது. ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்து விண்ணப்பம் போட்டால் 195 யூரோ. ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்பு கேட்டாலும் இரண்டு விண்ணப்பம்தான். அடுத்த செமஸ்டரில் மீண்டும் முயன்றால் கணக்கு மறுபடி 75-இலிருந்து தொடங்கும். இது சரிபார்ப்புக்கான கூலி. இடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பணம் திரும்பாது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஜெர்மன் கிரேடு நமக்குத் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பல்கலைக்கழகத் தேர்வுகளில் இடையில் எல்லா தசமங்களும் வராது. 1.0, 1.3, 1.7, 2.0, 2.3, 2.7, 3.0, 3.3, 3.7, 4.0 என்று படிப்படியாக இறங்கி, 4.0-க்கு அடுத்து நேராக 5.0. பள்ளிகளில் 1 முதல் 6 வரை ஆறு படிகள். 1964-இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் செய்துகொண்ட ஒப்பந்தம் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. மேல்நிலை வகுப்புகளில் அதே ஆறு படிகள் 0 முதல் 15 வரையான புள்ளிகளாக விரிகின்றன. அபிட்டூர் என்கிற பள்ளி இறுதிச் சான்றில் மொத்தம் 900 புள்ளிகள்: கடைசி இரண்டாண்டு வகுப்புகளுக்கு 600, இறுதித் தேர்வுகளுக்கு 300. 300 எடுத்தால் 4.0, 823-ஐத் தொட்டால் 1.0. நம் பிளஸ் டூ மாணவர் ஒருவர் 900-க்கு 823 எடுத்தால் 77 மார்க் எங்கே போனது என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே அது முழு மதிப்பெண்.

சட்டப் படிப்புக்கு மட்டும் தனி உலகம். 18 புள்ளி அளவு, 4 எடுத்தால் தேர்ச்சி, 9 எடுத்தாலே தலை நிமிர்ந்து நடக்கலாம்.

நம் மதிப்பெண்ணை இந்த அளவுக்குள் கொண்டுவரப் பயன்படுவது திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம். ஜெர்மன் மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் மாநாடான கே.எம்.கே. 1991-இல் வெளிநாட்டுச் சான்றுகளுக்காக ஏற்ற உடன்பாட்டில் உள்ள முறை இது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழியுங்கள். அதே உச்ச மதிப்பெண்ணிலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தனியாகக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள்.

உச்சம் 10, பெற்றது 8.0, தேர்ச்சி 5 என்றால்: 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 2.2. தேர்ச்சி 4 என்று வைத்தால் அதே 8.0 சிஜிபிஏ 2.0 ஆகிறது. தேர்ச்சி 6 என்றால் 2.5. மாணவர் அவரேதான், மார்க் ஷீட் அதேதான். தேர்ச்சி எல்லை உயர உயர கிரேடு கெடுகிறது.

இது காகிதத்தில் மட்டும் உள்ள வேறுபாடு அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2017-இல் தேர்ச்சிக்கான கடைசி கிரேடு பி. அதற்குப் புள்ளி 6. ரெகுலேஷன் 2021-இல் அதற்குக் கீழே சி வந்தது, புள்ளி 5. யு.ஜி.சி. பரிந்துரைத்த பத்துப் புள்ளி அளவில் கடைசித் தேர்ச்சி கிரேடான பி-க்குப் புள்ளி 4 (ஆங்கில எழுத்து வேறு, ஒலி மட்டும் ஒன்று, ‘பாஸ்’ என்பதன் முதல் எழுத்து). ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடைசித் தேர்ச்சி கிரேடான ஈ-க்கும் 4. நான்கு மாணவர்களும் 8.0 என்றே சொல்வார்கள். சூத்திரத்துக்குள் போய் வந்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மனக்கணக்காகவே போட ஒரு வழி உண்டு. தேர்ச்சிக்கும் உச்சத்துக்கும் சரிபாதியில் இருப்பவருக்கு எப்போதும் 2.5 வரும். தேர்ச்சி 4 என்றால் 7.0, 5 என்றால் 7.5, 6 என்றால் 8.0. சதவீதத்திலும் அப்படியே: தேர்ச்சி 40 என்றால் 70 சதவீதம், 50 என்றால் 75. மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தால் 2.0. முதுகலைப் படிப்புகள் பல 2.5-ஐத் தகுதிக் கோடாக வைக்கின்றன என்பதால் இந்தச் சரிபாதிக் கணக்கு ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எங்கே விண்ணப்பிப்பது வீண் என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு சலுகை ஜெர்மன் வழக்கத்திலேயே இருக்கிறது. சராசரியில் முதல் தசமத்துக்குப் பின் வருவதை வெட்டிவிடுவார்கள், மேலே தள்ளிச் சேர்க்க மாட்டார்கள். 2.58 என்று வந்தால் அது 2.5. எண் சிறிதானால் நல்லது என்பதால் இந்த வெட்டு எப்போதும் மாணவருக்குச் சாதகம். கால்குலேட்டர் 2.58-ஐ 2.6 என்று காட்டியதைப் பார்த்து ஒரு நல்ல படிப்பைக் கைவிடுவது அநாவசியம்.

இணையத்தில் இலவச ஜெர்மன் கிரேடு கால்குலேட்டர்கள் ஏராளம். கணக்கை எல்லாம் சரியாகவே போடுகின்றன. தேர்ச்சி எல்லை என்ற கட்டத்தில்தான் சிக்கல். சில தாமாகவே ஓர் எண்ணை நிரப்பி வைக்கும், கவனிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் கிரேடை எடுத்துக்கொண்டு போவார். ‘ஜெர்மன் ஜி.பி.ஏ. மதிப்பீடு’ என்று தனியாகக் கட்டணம் கேட்கும் ஏஜென்சிகள் செய்வதும் இதுதான்: மேலே சொன்ன கழித்தல், வகுத்தல். அவர்கள் தரும் தாளை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கப் போவதில்லை.

யூனி-அசிஸ்ட் தரும் எண்ணுக்கு மதிப்பு இருப்பது, அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதால். அவர்கள் உங்கள் சான்றிதழில் அச்சாகியிருக்கும் அளவைப் பார்க்கிறார்கள். அதனால்தான் அந்த ஒரு பக்கம் முக்கியமாகிறது: மார்க் ஷீட்டின் பின்பக்கம். எந்த கிரேடுக்கு எத்தனை புள்ளி, எது தேர்ச்சி, சிஜிபிஏ எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது பெரும்பாலும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து கொடுத்துவிடுவார்கள். தேர்ச்சி எல்லை எங்குமே தெரியாத ஆவணத்தைப் பார்க்கிறவர் வேறு ஆதாரத்தைத் தேடிப் போக வேண்டியதாகிறது; அது உங்களுக்குச் சாதகமாக முடியும் என்று நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. பின்பக்கத்தில் ஒன்றும் அச்சாகவில்லை என்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கிரேடு அளவையும் குறைந்தபட்சத் தேர்ச்சியையும் குறிப்பிடும் ஒரு கடிதம் வாங்கி இணைக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி மாணவர்களுக்கு இது இன்னும் அவசியம். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், மார்க் ஷீட் கல்லூரியின் பெயரில் வரும், கிரேடு அட்டவணையும் கல்லூரியுடையதாக இருக்கலாம். ஜெர்மனியில் உட்கார்ந்து இரண்டையும் பார்க்கிறவருக்கு எது எதற்குச் சொந்தம் என்று தானாகப் புரியாது.

தேர்ச்சி எல்லை என்று ஒரே ஓர் எண்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பாடத்தில் தேற வேண்டிய புள்ளி ஒன்று, பட்டம் பெற வேண்டிய குறைந்தபட்ச சிஜிபிஏ இன்னொன்று என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கடிதம் வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்வது நல்லது.

பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதை அனபின் என்ற இலவசத் தரவுத்தளத்தில் முன்பே பார்க்கலாம். எச் பிளஸ் என்றிருந்தால் அங்கீகாரம், எச் மைனஸ் என்றிருந்தால் இல்லை, இரண்டும் சேர்ந்திருந்தால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தேட வேண்டியது பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை. இணைப்புக் கல்லூரியின் பெயரைத் தேடிவிட்டுக் கிடைக்கவில்லையே என்று பதறுவது வீண் பதற்றம்.

வேலையின் வரிசை இப்படி வைத்தால் இடிக்காது. இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சோதித்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்று முதலில். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் ஜெர்மன் விசாவுக்கு அது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட்டும் அதைக் கேட்கும் என்பதால் அது கைக்கு வரும் வரை மற்ற வேலைகளை முடித்து வைக்கலாம்: எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்று, பத்தாவது, பிளஸ் டூ, மொழித் தேர்வு முடிவு, பாஸ்போர்ட். அசலிலிருந்து வண்ண ஸ்கேன். ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருக்கும் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தமிழ்நாடு மாநில வாரியச் சான்றுகள் தமிழும் ஆங்கிலமுமாக இருப்பதால் அதுவே போதும். சில பல்கலைக்கழகங்கள் சான்றொப்பமிட்ட நகலைத் தபாலிலும் கேட்கும், அது படிப்பின் பக்கத்தில் எழுதியிருக்கும்.

பிறகு மை அசிஸ்ட் என்ற தளத்தில் கணக்கு தொடங்கி, படிப்பைத் தேர்ந்து, கேள்விகளை நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, பணத்தைக் கட்ட வேண்டும். தளம் ஆங்கிலத்திலும் இயங்கும். அழகான தளம் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த ஆவணத்தை எங்கே ஏற்றுவது என்பதில் குழப்பம் குறைவு.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, சில நேரம் ஊர்ப் பெயரும் சேர்ந்து. விண்ணப்பத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்பி, இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று ஒரு விளக்கக் குறிப்போ அஃபிடவிட்டோ கூட வைத்தால் கேள்வி எழாது.

காலம்தான் இந்தச் சேவையின் பலவீனம். சரிபார்ப்புக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவும் பணம் வந்து சேர்ந்த பிறகுதான் கோப்பைத் தொடுவார்கள். குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், கோடைகால செமஸ்டருக்கு ஜனவரி 15. முதுகலைப் படிப்புகள் பலவற்றில் இதற்கும் வெகு முன்னதாக முடிந்துவிடும். கடைசி வாரத்தில் அனுப்புகிறவருக்கு ஓர் ஆவணம் குறைந்தால் திருத்த அவகாசமே இருக்காது. எட்டு வாரம் முன்னதாக அனுப்புவது பாதுகாப்பு. வி.பி.டி. கேட்கும் பல்கலைக்கழகமென்றால் அந்த ஆவணம் கைக்கு வந்து, அதன் பிறகு பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் முன்னதாக. வங்கிப் பரிமாற்றத்தில் பணம் அனுப்புகிறவர்கள் விண்ணப்பதாரர் எண்ணைக் குறிப்பில் எழுதாமல் விட்டால் பணம் போய்ச் சேரும், யாருடையது என்று தெரியாது. கார்டில் கட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை.

இறுதி செமஸ்டரில் இருப்பவர்களுக்கு அதுவரையான சராசரியை வைத்துத் தற்காலிக கிரேடு கிடைக்கும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் எடுத்த நல்ல கிரேடு அதில் சேர்ந்திருக்காது என்பதால், தகுதிக் கோட்டை ஒட்டி நிற்பவர்கள் முடிவு வரும் வரை பொறுத்து அடுத்த செமஸ்டரில் போடுவது புத்திசாலித்தனம். அரியர் வைத்து எழுதித் தேறியவர்களுக்கு ஒரு சேதி: சூத்திரத்துக்குள் போவது இறுதிச் சராசரி மட்டுமே, எத்தனை முறை எழுதினீர்கள் என்பது அதில் இல்லை. பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு மார்க் ஷீட்டுகளைப் பார்ப்பது வேறு விஷயம்.

சேவையைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அதன் அடியில் இருக்கும் சூத்திரத்தைத்தான் சொல்ல வேண்டும். அது நேர்கோட்டில் போகிறது. ஓர் இடத்தில் 85 சதவீதத்தை யாருமே தொடுவதில்லை, இன்னோர் இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் 90-க்கு மேல் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மதிப்பெண் போடுவதில் கறாராக இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் 40 தேர்ச்சி அளவில் 65 சதவீதம் எடுத்து முதல் வகுப்பில் தேறியவருக்கு 2.75 வருகிறது, வெட்டினால் 2.7, ஜெர்மன் தரவரிசையில் மூன்றாம் படி. தாராளமாக மதிப்பெண் போடும் கல்லூரியில் நடுத்தர மாணவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். ஜெர்மனிக்குள்ளேயும் கிரேடு ஒரே சீராக இல்லை என்பது கூடுதல் வேடிக்கை. ஜெர்மனியின் அறிவியல் மன்றம் 2012-இல் வெளியிட்ட அறிக்கைப்படி அங்கே பட்டம் பெறுவோரில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் மேல் இரண்டு படிகளில் வருகிறார்கள்; சட்டத்தில் நிலைமை நேரெதிர். அப்படிப்பட்ட ஓர் அளவுக்குள் நம் மதிப்பெண்ணை ஒற்றைக் கோட்டில் பொருத்துவதில் துல்லியம் ஓரளவுக்குத்தான் இருக்கும். சில படிப்புகள் கிரேடோடு நில்லாமல் பாடவாரியான ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது அளவு) கிரெடிட், நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவும் காரணம்.

கிரெடிட் மாற்றத்தை யூனி-அசிஸ்ட்டிடம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு ஈ.சி.டி.எஸ். என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, செமஸ்டருக்கு 30, மூன்றாண்டு இளங்கலைக்கு 180. நம் நான்காண்டு பி.இ.யின் கிரெடிட் எண்ணிக்கையை இதோடு நேராக ஒப்பிடவே முடியாது. கணிதத்தில் இத்தனை, ப்ரோகிராமிங்கில் இத்தனை என்று ஒரு படிப்பு கேட்டால், அந்தப் பல்கலைக்கழகம் தரும் பாட ஒப்பீட்டுப் படிவத்தைச் சிலபஸைப் பக்கத்தில் வைத்து நீங்களே நிரப்ப வேண்டும்.

வி.பி.டி. வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிரேடு. நீங்கள் போட்ட கணக்கோடு ஒரு தசமம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று தசமம் தள்ளி இருந்தால் தேர்ச்சி எல்லையை வேறாக எடுத்திருக்க வேண்டும். சூத்திரத்தில் 4, 5, 6 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாலே எதை எடுத்தார்கள் என்பது பிடிபடும். எடுத்தது உங்கள் பல்கலைக்கழக விதிக்கு முரணாக இருந்தால், மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகக் கடிதத்தையும் இணைத்து, விண்ணப்பதாரர் எண்ணோடு தொடர்புப் படிவத்தில் எழுத வேண்டும். ‘என் கிரேடு குறைவாக இருக்கிறது’ என்று எழுதுவதில் பலன் இல்லை. குறைந்தபட்சத் தேர்ச்சி இது, ஆதாரம் இந்தப் பக்கத்தில் என்று இரண்டு வரி போதும். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதிக்கு முன்பாகவே எழுதிவிட வேண்டும்.